தோப்பூர்ச் சேறும் முன்சில்லுக் காரும்

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூரைத் தாண்டிச் சேருவிலைக்குப் போகும் வழியில் இருக்கிறது தோப்பூர். அல்லைக் குளத்து நீரில் விளையும் நெல்லை நம்பி வாழும் ஊர். மோட்டார்ப் பந்தயத்தோடு சேர்த்து அந்த ஊரின் பெயரை எவரும் எழுதியதாக நான் படித்ததில்லை. ஆயினும், முன்சில்லுகளால் இழுக்கப்படும் வேகக் காருக்கு எந்த வகை எல்.எஸ்.டி. பொருத்தமானது என்பதன் வரலாற்றை எழுத அமர்ந்தபோது, பெரும்போகத்து உழவில் சேற்றோடு மல்லுக்கட்டும் அந்த வயல்களே முதலில் என் கண்முன் வந்தன. அங்கு உழவு இயந்திரம் ஓட்டுபவர் வலக் குதிகாலால் செய்துவிடுகிற காரியத்தைத்தான் பந்தயக் கார்ப் பொறியியலாளர்கள் பல பத்தாண்டுகளாக வெவ்வேறு விதங்களில் செய்துபார்த்து வந்திருக்கிறார்கள்.

சொற்களை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். சக்கரத்தை நாங்கள் சில்லு என்போம். தமிழகத்து நண்பர்கள் பொறுத்தருள்க. இயந்திரத்தின் முறுக்குவிசையை இடது, வலது சில்லுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் பற்சக்கரத் தொகுதிக்குப் பாடநூல்களில் நீண்ட தமிழ்ப் பெயர்கள் உண்டு. பட்டறையில் எல்லோரும் டிஃபரன்ஷியல் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். ஒரு சில்லு மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுக்குள் வைக்கும் டிஃபரன்ஷியலுக்கு எல்.எஸ்.டி. என்று பெயர்.

மாட்டு வண்டிலுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அதன் இரண்டு சில்லுகளும் அச்சில் தனித்தனியே சுழல்கின்றன, இழுப்பது மாடு. வளைவில் வெளிச்சில்லு அதிக தூரமும் உட்சில்லு குறைந்த தூரமும் ஓடினால் யாருக்கும் நட்டமில்லை. அச்சே சில்லைச் சுழற்ற வேண்டும் என்ற நிலை நீராவி வண்டிகளோடு வந்தபோதுதான் வில்லங்கம் தொடங்கிற்று. இரண்டு சில்லுகளையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கினால் வண்டி திரும்ப மறுக்கும். இதற்கு ஒரு வழியை 1827இல் பிரான்சில் ஒனெசிஃபோர் பெக்கூர் என்ற கடிகாரக் கைவினைஞர் காப்புரிமையாகப் பதிவு செய்தார். அரை நூற்றாண்டு கழித்து, 1877இல், இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லி அதே தத்துவத்தை மூன்று சில்லுச் சைக்கிளில் பொருத்தினார். கொவென்ட்ரி என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்நகருக்கு மீண்டும் வருவோம்.

டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் சமமாகவே கொடுக்கும். அதன் நன்மையும் அதுவே, பிழையும் அதுவே. ஒரு சில்லு சேற்றிலோ ஈரத்திலோ பிடி இழந்து 50 அலகு முறுக்குவிசையை மட்டுமே தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். மற்றச் சில்லு உறுதியான தரையில் நின்று 200 அலகைத் தாங்கும் நிலையில் இருந்தாலும், அதற்கும் 50 மட்டுமே போய்ச் சேரும். மொத்தம் 100. இயந்திரத்தில் எவ்வளவு வலு இருந்தாலும் பயனில்லை. வழுக்கும் சில்லு வேகமாகச் சுழலும். மற்றது சும்மா நிற்கும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டியாரப் பற்று வயல்களில் இதைக் கண்ணால் காணலாம். வரம்போரத்துப் புதைகுழியில் பின்சில்லு ஒன்று இறங்கிவிட்டால் அது சுழன்று சேற்றை வாரி இறைக்குமே தவிர, இயந்திரம் அங்குலம்கூட நகராது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, இருக்கைக்குக் கீழே வலக் காலடியில் இருக்கும் மிதியைக் குதிகாலால் அழுத்துகிறார். அதுதான் டிஃபரன்ஷியல் பூட்டு. இரண்டு பின்சில்லுகளும் ஒரே தண்டில் இறுக்கப்பட்டவைபோல் ஆகிவிடுகின்றன. பிடியுள்ள சில்லு முழு வலுவையும் எடுத்துக்கொள்ள, இயந்திரம் எழுந்து வெளியே வருகிறது. சுமை இரு பக்கமும் சமப்பட்டதும் பூட்டு தானாகவே விலகும். அது விலகியதை உறுதிசெய்யாமல் எவரும் திரும்பமாட்டார்கள். பூட்டு பிடித்திருக்கும்போது ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேரே போகவே பார்க்கும். வயலின் முனையில் அது வரம்பை உடைக்கும். தெருவில் அது ஆளைக் கொல்லும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. நான்கு சில்லு உழவு இயந்திரங்களில் இடப் பின்சில்லுக்கும் வலப் பின்சில்லுக்கும் தனித்தனிப் பிரேக் மிதிகள் இருக்கும். வழுக்கிச் சுழலும் சில்லின் பிரேக்கை மட்டும் மெல்ல மிதித்தால், அந்தச் சில்லு எதிர்ப்புக் காட்டத் தொடங்கும். அதே அளவு முறுக்குவிசை மறுபக்கமும் போய்ச் சேரும். பூட்டே இல்லாமல் பூட்டின் வேலையில் பாதி முடிந்துவிடும். இந்தத் தந்திரத்தை ஐரோப்பிய நிறுவனமொன்று 2009இல் பெயர் சூட்டி விற்ற கதையைப் பின்னர் சொல்கிறேன்.

இரண்டு சில்லு உழவு இயந்திரம், அதாவது ஊரில் லான்ட்மாஸ்டர் என்று அழைக்கப்படுவது, மற்றொரு பாடத்தைக் கற்பிக்கிறது. அதில் கைப்பிடிக்குக் கீழே இரு பக்கமும் ஒவ்வொரு நெம்பு உண்டு. இடது நெம்பைப் பிடித்தால் இடச் சில்லுக்குப் போகும் வலு அறுபடும். வலச் சில்லு மட்டும் தள்ள, வண்டி இடப் பக்கம் திரும்பும். சமதரையில் இது சரி. பெட்டியில் நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்கும்போதோ நிலைமை தலைகீழ். அப்போது இயந்திரம் சில்லுகளைத் தள்ளுவதில்லை, பிடித்து நிறுத்துகிறது. இடது நெம்பைப் பிடித்தால் இடச் சில்லு விடுபட்டு ஓடும். வலச் சில்லு பிடிபட்டு நிற்கும். வண்டி வலப் பக்கம் திரும்பும். பழகாதவர்கள் குளக்கட்டிலிருந்து கவிழ்வதற்கு இந்தத் தலைகீழ் மாற்றமே போதும். வேகம் கூட்டும்போது ஒருவிதமாகவும் குறைக்கும்போது வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும் இந்த இயல்பை நினைவில் வைத்திருந்தால், பந்தயக்காரர்கள் ஒருவழி, இருவழி என்று எல்.எஸ்.டி.க்களை வகை பிரிப்பது எதற்காக என்பது விளக்கமின்றியே புரிந்துவிடும்.

இலங்கையின் நெல் வயல்களில் நெடுங்காலமாகக் காணப்படும் நான்கு சில்லு உழவு இயந்திரங்களில் ஒன்று மாசி பெர்குசன். 1960 முதல் சென்னையின் டாஃபே நிறுவனமும் அப்பெயரில் உழவு இயந்திரங்களைத் தயாரித்து வருகிறது. பெயரின் பின்பாதிக்கு உரியவர் ஹரி பெர்குசன், அயர்லாந்துக்காரர், 1884இல் பிறந்தவர். 1909ஆம் ஆண்டின் இறுதி நாளில், தானே கட்டிய விமானத்தில் அயர்லாந்து மண்ணிலிருந்து முதன்முதலாகப் பறந்தவர். உழவு இயந்திரத்தையும் கலப்பையையும் மூன்று புள்ளிகளில் இணைத்து ஒரே உடலாக்கியதே அவருடைய பெருஞ்சாதனை. இன்று உலகின் எந்த வயலில் எந்த நிறுவனத்தின் இயந்திரம் உழுதாலும் கலப்பை பெரும்பாலும் அந்த முறையிலேயே தொங்குகிறது. ஹென்றி ஃபோர்டோடு 1938இல் கைகுலுக்கிச் செய்த வாய்மொழி ஒப்பந்தம் பின்னர் முறிந்து நீதிமன்றம் போய், 1952இல் 92 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் பெற்றுத் தீர்த்துக்கொண்டார். அவருடைய சிறிய சாம்பல்நிற உழவு இயந்திரம் 1946 முதல் தயாரானது கொவென்ட்ரி நகரில். ஸ்டார்லியின் சைக்கிள் ஓடிய அதே நகரம்.

1953இல் பெர்குசன் தம் உழவு இயந்திரத் தொழிலைக் கனடாவின் மாசி ஹாரிஸ் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டார். அவருடைய மனம் அதற்கு முன்பே கார்களின் பக்கம் போயிருந்தது. சேற்றில் உழவு இயந்திரம் பெறும் பிடியை ஈரத் தெருவில் கார் ஏன் பெறக்கூடாது? 1950இல் அவர் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தவர் டோனி ரோல்ட். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரின் கோல்டிட்ஸ் கோட்டையில் சிறை இருந்து, அங்கிருந்து தப்புவதற்குக் கைதிகள் இரகசியமாகக் கட்டிய கிளைடர் விமானத்தில் பங்கு கொண்டவர்; 1953இல் ஜாகுவார் காரில் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றவர். இப்படிப்பட்ட மனிதர்கள் கூடிய இடத்தில் பயந்த சிந்தனை உருவாகாது என்பது என் எண்ணம். அவர்கள் உருவாக்கிய நான்கு சில்லு இழுவைப் பந்தயக் காரை 1961 செப்டெம்பரில் ஓல்ட்டன் பார்க் ஈரப் பாதையில் ஸ்டேர்லிங் மோஸ் ஓட்டி வென்றார். நான்கு சில்லு இழுவையுள்ள கார் ஃபோர்முலா ஒன் வகைப் பந்தயமொன்றில் வென்றது அந்த ஒரே தடவைதான். அதைக் காணப் பெர்குசன் உயிருடன் இல்லை. முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

ரோல்ட் விடவில்லை. 1971இல் தனி நிறுவனம் தொடங்கி, பாகுத்தன்மையுள்ள சிலிக்கோன் திரவத்துக்குள் துளையிட்ட தகடுகளை அடுக்கிய ஓர் இணைப்பைச் செம்மைப்படுத்தினார். ஒருபக்கத் தகடுகள் மறுபக்கத் தகடுகளைவிட வேகமாகச் சுழன்றால் திரவம் அவற்றைப் பிடித்து இழுக்கும். பூட்டின் முரட்டுத்தனம் இல்லை. பாகு கிண்டும்போது அகப்பை கனப்பதுபோலத்தான். 1980களின் நடுவில் ஃபோர்ட் வெளியிட்ட எஸ்கோர்ட் ஆர்.எஸ். டர்போ காரில் முன்சில்லுகளுக்கிடையே இது இடம்பெற்றது. தொழிற்சாலையிலேயே எல்.எஸ்.டி. பொருத்தி விற்கப்பட்ட முன்சில்லு இழுவைக் கார்களில் அது முன்னோடி. வயலுக்கு உழவு இயந்திரம் கொடுத்தவரின் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து கிளைத்த எண்ணம், இளைஞர்கள் வாங்கும் காருக்குள் இப்படி வந்து சேர்ந்தது.

ஆனால் திரவ வகைக்கு ஒரு குறை. சில்லு வழுக்கத் தொடங்கி வேக வித்தியாசம் ஏற்பட்ட பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். வளைவிலிருந்து வெளியேறும் அரை நொடியில் அந்தத் தாமதமும் தாமதந்தான். சூடு ஏற ஏறத் திரவத்தின் குணமும் காலப்போக்கில் கெடும். இன்று பழைய எல்.எஸ்.டி. வாங்குவோர் தவிர்க்க வேண்டிய வகை இது என்றே சொல்வேன்.

இதற்கெல்லாம் முன்னரே ஜேர்மனியில் வேறொரு பாதை வெட்டப்பட்டிருந்தது. ஃபெர்டினன்ட் போர்ஷே ஓட்டோ யூனியனுக்காக வடிவமைத்த பந்தயக் காரின் வலு மிகுதியாகி, மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்திலும் ஒரு பின்சில்லு வழுக்கிச் சுழன்றது. 1935இல் அவர் செட்.எஃப். நிறுவனத்திடம் வழி கேட்டார். அங்கு தொடங்கிய எண்ணம் அமெரிக்காவில் 1956இல் பக்கார்ட் காரில் பொதுமக்களுக்கு வந்தது. இந்த மரபில் பந்தயத்துக்கு நிலைத்தது கிளச் தகடு வகை. டிஃபரன்ஷியலின் நடுத்தண்டு சாய்வான பள்ளங்களில் அமர்ந்திருக்கும். இயந்திரம் முறுக்கும்போது அத்தண்டு சாய்வில் ஏறி இரு பக்க வளையங்களையும் விலக்கித் தள்ளும். வளையங்கள் தகடுகளை நெருக்கும். இடமும் வலமும் ஒன்றோடொன்று இறுகும். எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு பூட்டு. சாய்வின் கோணத்தை மாற்றினால் பூட்டின் அளவு மாறும். வேகம் கூட்டும்போது மட்டும் பூட்டினால் ஒருவழி. குறைக்கும்போதும் அதே அளவு பூட்டினால் இருவழி. குறைக்கும்போது சற்றே பூட்டினால் ஒன்றரை வழி என்று பட்டறை மொழி.

பின்சில்லு இழுவைக் காரில் இதெல்லாம் எளிது. இழுக்கும் சில்லு வேறு, திரும்பும் சில்லு வேறு. 1934இல் சிட்ரோயனும் 1959இல் அலெக் இஸிகோனிஸின் மினியும் வந்த பிறகு முன்சில்லுகள் இரண்டு வேலைகளையும் சுமக்கத் தொடங்கின. மினியின் கியர்பாக்ஸ் இயந்திரத்தின் அடியில், அதே எண்ணெயில் மூழ்கிக் கிடந்தது. அதிலும் எல்.எஸ்.டி. பொருத்திப் பந்தயம் ஓடினார்கள். தகடு தேய்ந்து உதிரும் துகள்கள் இயந்திர எண்ணெயில் கலந்துகொண்டன. ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. வளைவிலிருந்து வலுக் கொடுத்து வெளியேறும்போது கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. 1964இல் பாடி ஹொப்கேர்க் மொன்டே கார்லோவில் வென்றதும், 1965, 1967இல் மினி அங்கே மீண்டும் வென்றதும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கார்களை ஓட்டியவர்களின் முழங்கை வலியைப் பற்றித்தான் யாரும் எழுதவில்லை.

எங்கள் நாட்டிலும் 1934 முதல் நுவரெலியா மகாகஸ்தொட்டவில் மலையேற்றப் பந்தயம் நடந்து வந்திருக்கிறது. கூர்வளைவுகளும் ஏற்றமும் சேர்ந்த அத்தகைய பாதையில் முன்சில்லுக் காரின் குறை அப்பட்டமாகத் தெரியும். ஏற்றத்தில் எடை பின்னே சாய்கிறது. வளைவில் வெளிப்பக்கம் சாய்கிறது. உள்முன்சில்லுக்கு மிஞ்சுவது சொற்பம். அது சுழன்று புகைவிட, கார் வளைவின் வெளிவிளிம்பை நோக்கி அகன்றுகொண்டே போகும்.

முறுக்குவிசையை உணர்ந்து பகிரும் பற்சக்கர வகைதான் இதற்கு நாகரிகமான விடை. அமெரிக்கரான வேர்னன் கிளீஸ்மன் 1958இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். டோர்சென் என்ற பெயரால் உலகம் பின்னர் அறிந்துகொண்டது. இங்கிலாந்தின் குவைஃப் நிறுவனம் சாய்பற்களுள்ள சிறு சக்கரங்களைக் கொண்டு அதே குணத்தை வேறு வடிவில் கொடுத்தது. தகடுகள் இல்லை, எனவே அடிக்கடி கழற்றிப் புதுப்பிக்கும் வேலையில்லை. ஒருபக்கம் பிடி குறையும்போது, அந்தப் பக்கம் தாங்கும் அளவைப்போல் சில மடங்கு மறுபக்கம் அனுப்பும். முன்னர் சொன்ன கணக்கையே எடுங்கள். பகிர்வு விகிதம் மூன்றுக்கு ஒன்று என்றால், வழுக்கும் சில்லு 50 தாங்கும்போது மற்றதற்கு 150 வரை போகும். மொத்தம் 200, சாதாரண டிஃபரன்ஷியலில் கிடைத்ததைப்போல் இரு மடங்கு. வேகக் காரில் அந்த 150 போய்ச் சேர்வது வளைவின் வெளிச்சில்லுக்கு. ஆகவே அது காரின் மூக்கை வளைவுக்குள்ளே இழுத்துத் திருப்பவும் செய்கிறது.

பெருக்கல் கணக்குக்கே உரிய ஒரு பொறியும் இதில் உண்டு. ஒரு சில்லு தரையை விட்டு எழும்பிவிட்டால் அது தாங்குவது பூச்சியம். பூச்சியத்தை மூன்றால் பெருக்கினாலும் பூச்சியமே. பந்தயப் பாதையின் விளிம்புக் கட்டில் சில்லு தூக்கியபடி ஏறிப் போகிறவர்களுக்கு அந்தக் கணத்தில் பற்சக்கர வகை உதவாது. முன்னழுத்தம் வைத்த தகடு வகை உதவும். தேர்வின் முதற் கோடு இங்கே விழுகிறது.

பற்சக்கர வகையின் இயல்பை மிக நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் ஹொண்டாவினர் என்பது என் கருத்து. 1995இல் இன்டெக்ரா டைப் ஆர், 1997இல் சிவிக் டைப் ஆர் ஆகியவற்றில் அதைப் பொருத்தினார்கள். டர்போ இல்லாத, மெதுவாக ஏறும் முறுக்குவிசை, இலேசான உடல், இறுக்கமான சஸ்பென்ஷன். எல்.எஸ்.டி. அங்கே தனியாக வேலை செய்யவில்லை, குடும்பத்தோடு செய்தது. இதற்கு மாறான அனுபவம் 2002இல் ஃபோர்ட் வெளியிட்ட ஃபோக்கஸ் ஆர்.எஸ். டர்போவின் திடீர் வலு, 215 குதிரைவலுவுக்கு அருகில், குவைஃப் டிஃபரன்ஷியலின் வழியாக முன்சில்லுகளில் இறங்கியபோது, மேடுபள்ளத் தெருக்களில் ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை என்று சோதித்தவர்கள் எழுதினார்கள். பந்தயப் பாதையில் போற்றப்பட்ட அதே பாகம் கிராமத் தெருவில் ஏசப்பட்டது. பிறகு ரெனோவும் ஃபோர்டும் ஸ்டியரிங் திரும்பும் அச்சையே சில்லுக்கு அருகில் நகர்த்தி வடிவமைத்து அந்த இழுப்பைத் தணித்தன. வெறும் டிஃபரன்ஷியலை மட்டும் மாற்றிவிட்டு அதே பலனை எதிர்பார்க்கும் இளைஞர்கள் இந்த இடத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

2009இல் ஃபொல்க்ஸ்வாகன், கோல்ஃப் ஜி.டி.ஐ. காரில் எக்ஸ்.டி.எஸ். என்ற ஏற்பாட்டை அறிமுகம் செய்தது. வளைவில் எடை இழக்கும் உள்முன்சில்லைக் கணினி பிரேக்கால் மெல்லப் பிடிக்கிறது. அந்த எதிர்ப்பின் அளவு முறுக்குவிசை வெளிச்சில்லுக்கும் போகிறது. தோப்பூர் வயலில் ஒற்றைப் பிரேக்கை மிதிக்கும் உழவர் இதைப் பார்த்தால் புன்னகைப்பார். இதில் மேலதிகப் பாகமே இல்லை, செலவும் இல்லை. ஆனால் வலுவின் ஒரு பகுதி பிரேக்கில் சூடாகக் கரைகிறது. நெடுநேரம் விரட்டினால் பிரேக் தளரும். அந்நிறுவனமே 2013இல் அதே காரின் வலுக்கூடிய வகையில் கணினி கட்டுப்படுத்தும் கிளச் தகடுப் பூட்டைச் சேர்த்தது, பழைய பாதைக்குத் திரும்பியது போல.

இனி எங்கள் தெருக்களுக்கு வருவோம். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ-15 வீதியில் ஒரு காலத்தில் துறைக்குத் துறை படகுப் பாதைக்குக் காத்துக் கிடக்க வேண்டும். மூதூர் போவதற்கு லோஞ்சில் ஏறுவதே சுலபம். தோப்பூரில் வேகக் கார் வைத்திருப்பதற்கு அப்போது பொருளே இல்லை. போர் வேறு. 2006 ஓகஸ்டில் மூதூர்ப் பிரதேச மக்கள் கந்தளாய் நோக்கி நடந்தும் கிடைத்த வாகனங்களில் ஏறியும் இடம்பெயர்ந்த நாட்களில் வாகனம் என்பது உயிரைக் கொண்டுபோகும் பெட்டி. 2009 அக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது, அடுத்த ஆண்டுகளில் மற்றத் துறைகளிலும் பாலங்கள் வந்தன, வீதி வழுவழுப்பானது. வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியவர்களின் கையில் பழைய சிவிக்கும் சன்னியும் சேர்ந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் புதுக் கார் வாங்க வழியற்ற இளைஞர்கள் இருக்கும் காரையே செதுக்கத் தொடங்கினார்கள். எல்.எஸ்.டி. பற்றிய கேள்வி பெருகியது அப்படித்தான்.

அவர்களிடம் நான் முதலில் கேட்பது: எங்கே ஓட்டப் போகிறீர்கள்? ஏ-15இல் என்றால், அந்த வீதியில் மாலையில் மாடுகள் படுத்துக் கிடக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டி முன்னே போகிறது. அந்தச் சூழலில் இருவழித் தகடு வகையைப் பொருத்துவது அறிவீனம் என்றே நினைக்கிறேன். காலை எடுத்தால் கார் நேரே போகப் பார்க்கும். மழையில் ஒரு முன்சில்லு நீர்த்தேக்கத்தில் இறங்கினால் ஸ்டியரிங் மறுபக்கம் வெட்டும். தெருவுக்கு உகந்தது பற்சக்கர வகையே, அதுவும் நல்ல டயர்களுக்குப் பிறகு. தேய்ந்த டயரோடு எல்.எஸ்.டி. பொருத்துவது, பிடியில்லாத இரண்டு சில்லுகளையும் ஒன்றாகச் சுழல வைப்பதற்குச் சமம்.

பந்தயத்துக்கு என்றால் பேச்சு வேறு. சில்லு தரையை விட்டு எழும்பும் களங்களில் ஒருவழி அல்லது ஒன்றரை வழித் தகடு வகைக்கு நியாயம் உண்டு. முன்னழுத்தம் குறைவாக வைக்க வேண்டும். குறிப்பிட்ட எண்ணெயையே ஊற்ற வேண்டும். தகடுகளைக் கணக்கு வைத்து மாற்ற வேண்டும். ஆனால் பந்தயம் பந்தயக் களத்தில். அங்கேயும் 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் களத்தில் பாதை விலகிய கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து, ஒரு சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தனர். அந்த விபத்தின் காரணங்களை நான் இங்கே ஆராய வரவில்லை. காவலும் மருத்துவ வண்டியும் நிற்கும் இடத்தில் நடந்ததே அது. எங்கள் வீதிகளில் அவை இரண்டும் இல்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். விபத்துச் செய்திகளைப் பல ஆண்டுகள் எழுதிய கை இது. காரின் பெயரைப் பத்திரிகையில் போடுவோம், உள்ளே மாற்றியிருந்த பாகத்தின் பெயர் எந்தச் செய்தியிலும் வந்ததில்லை.

இன்னும் தீர்மானத்தோடு இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. முன்சில்லுக் காரில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸின் உள்ளேயே இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்கி, இரண்டாகப் பிரிக்க வேண்டும். இங்கே ஓடும் பெரும்பாலான சிவிக்குகளின் டி வகை இயந்திரத்து கியர்பாக்ஸும், டைப் ஆர் காரின் பி வகை இயந்திரத்து கியர்பாக்ஸும் ஒன்றல்ல. டைப் ஆரிலிருந்து கழற்றிய எல்.எஸ்.டி. என்று யாராவது நீட்டினால் எதற்குள் அது பொருந்தும் என்பதை முதலில் கேட்க வேண்டும். தகடு வகை பழையதாக வந்தால் பிரித்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது; நீலம் பாரித்த தகடு வெந்துபோன தகடு. பற்சக்கர வகையில் பற்களின் முகமும் அவை அமரும் குழிகளின் சுவரும் கீறலின்றி இருக்க வேண்டும். பேரிங் இறுக்கத்தைச் சரிசெய்யும் மெல்லிய வளையங்களை அளந்தே போட வேண்டும். பழையதையே திருப்பிப் போடும் பட்டறையில் வேலையைக் கொடுக்காதீர்கள். எப்படியும் கியர்பாக்ஸ் கீழே வந்துவிட்டதால், கிளச் தகட்டையும் அச்சுத் தண்டுகளின் எண்ணெய்ச் சீல்களையும் அதே நாளில் மாற்றிவிடுவது இன்னொரு முறை கூலி கொடுப்பதை மிச்சப்படுத்தும்.